மணியைப் பிடித்த லென்ஸ், கிடாயை விட்ட நான்

மானம் போகிற விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக வாங்கிய அடாப்டரைக் கேமராவில் மாட்டி, அதன் மேல் என் பழைய லென்ஸையும் மாட்டி, ஃபோகஸ் ஆகவில்லை என்று நான்கு நாள் விற்றவரோடு போனில் சண்டை பிடித்தேன். அவரும் பாவம், படிப்படியாகச் சொல்லிக் கொடுத்தார். நானும் படிப்படியாகத் திட்டினேன். ஐந்தாம் நாள் எங்கள் வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டு வந்தவர், லென்ஸின் இடுப்பில் இருக்கிற சின்னப் பொத்தானை விரலால் ஒரு தள்ளு தள்ளினார். கையால் திருப்பு, தானாகத் திரும்பு என்று இரண்டே பக்கம் உள்ள பொத்தான். “இதத் தள்ளணும்ல?” என்றார். அந்த வாரம் அவர் பேசியதில் அதுதான் நீளமான பேச்சு.

என்னைத் தெரியாதவர்களுக்கு: விருதுநகரில் நாங்கள் இருவரும் ஒரு சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறோம். படிப்பு எனக்கு ஏழாம் வகுப்பு. அதில் பாதி நாள் பள்ளிக்கூட வாசலில் மாங்காய் தின்றேன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ், எல்லாம் எடுப்போம். போன வருடம் பழைய கேமரா செத்துப்போனது. யாரோ வைத்திருந்த, உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா ஒன்றை வாங்கினோம். அதற்கென்று உள்ள பெரிய லென்ஸின் விலையைக் கேட்டேன். கேட்டதற்கே காசு வாங்கிவிடுவார்களோ என்று போனை வைத்துவிட்டேன். நம்மிடம்தான் 80–200 மி.மீ. ஜூம் லென்ஸ் கிடக்கிறதே. ஒன்றேகால் கிலோவுக்கு மேல் கனம், மோட்டார் லென்ஸுக்குள்ளேயே உண்டு. பழைய லென்ஸுக்கும் புதுக் கேமராவுக்கும் நடுவே வைக்கிற வளையம்தான் அடாப்டர். மின்முனை வைத்தது, 3,800 ரூபாய்.

சித்திரையில் முகூர்த்தங்கள் வரிசையாக நிற்கின்றன. அதற்குள் இந்தக் கூட்டணி ஓடுகிற பொருளைப் பிடிக்குமா என்று பார்க்க வேண்டும். மணப்பெண்ணை வைத்துப் பரீட்சை பார்க்க முடியாது. கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் பூனைப்பருந்து தாழப் பறக்கும், பங்குனி பாதிக்கு மேல் அது வடக்கே தன் ஊருக்குப் போய்விடும் என்று ஒருவர் சொன்னார். மாசிக் கடைசி வெள்ளிக்கிழமை கிளம்பினோம். பருந்தைப் பார்க்கப் போன இடத்தில் ஒரு குடும்பத்துச் சாமியின் கிடாய் என்னால் சந்தைக்குப் போய்விட்டது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். பருந்துப் படம் எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

விருதுநகரிலிருந்து சாத்தூர் வழியாகக் கோவில்பட்டி ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நாங்கள் ஸ்கூட்டரில் போனோம். காலை ஏழுக்குக் கிளம்பி எட்டரைக்குச் சேர்ந்தோம். நடுவில் ஸ்கூட்டர் இரண்டு தடவை நின்றது. அது அப்படித்தான், நினைத்தால் நிற்கும், உதைத்தாலும் கிளம்பாது. பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கம் லாட்ஜ், இரண்டு பேருக்கு 900 ரூபாய். மத்தியானம் வெயில் அடங்கட்டும் என்று படுத்துவிட்டு, நாலு மணிக்கு எட்டயபுரம் சாலையில் போனோம். பதினொரு கிலோமீட்டரில் இடது கைப்பக்கம் ஒரு மண் தடம் இறங்குகிறது. பருத்தி எடுத்து முடிந்த வெறுங்காடு. கால் வைத்தால் பாதம் உள்ளே போகிற அளவுக்கு வெடிப்பு. அதற்குள் விழுந்த லென்ஸ் மூடியை எடுக்கப் பத்து நிமிடம் குப்புறப் படுத்தேன்.

பருந்து வந்தது. இரண்டு. லென்ஸ் வானத்தில் தேடத் தொடங்கியது. முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போய். கேமரா புதுசு, அது நொடிக்கு நூறு கட்டளை போடுகிறது. லென்ஸ் வயசானது, முதல் கட்டளையைக் கேட்டுவிட்டு ‘என்ன சொன்னே?’ என்கிறது. லென்ஸ் ஒரு முடிவுக்கு வருவதற்குள் பருந்து அடுத்த ஊராட்சிக்குப் போய்விட்டது.

திரும்பும்போதுதான் ஆட்டுக் கிடையைப் பார்த்தோம். வெள்ளை உடம்பில் செம்மண் நிறப் பொட்டு விழுந்த வேம்பூர் ஆடுகள், நூற்றுக்கு மேல் இருக்கும். கம்பை ஊன்றிக்கொண்டு ஒரு பெண் நின்றாள். பெயர் முத்துமாரி, நாற்பது வயதுக்குள். புருசன் பாதி ஆட்டோடு விளாத்திகுளம் பக்கம் வேறொரு காட்டில் கிடை போட்டிருக்கிறார். இங்கே இவளும் கொழுந்தன் சுடலைமணியும்தான்.

மந்தைக்கு நடுவே ஒரு கிடாய் மட்டும் கழுத்தில் வெண்கல மணியோடு நின்றது. வலது கண்ணைச் சுற்றிச் சேறு அப்பியது போல ஒரு பொட்டு. நெஞ்சில் அடுப்புக்கல் வைத்தது போல மூன்று பொட்டு. அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் படத்துக்கு ஏற்ற முகம். நான் கேமராவைத் தூக்கினேன். லென்ஸ் கிர்ரென்று ஓடி மணியில் போய் நின்றது. சாயங்கால வெயிலில் மணி பளபளக்கிறது, முகம் நிழலில் இருக்கிறது. எத்தனை தடவை அழுத்தினாலும் மணி கத்தி மாதிரி தெளிவாக, முகம் மாவு மாதிரி.

“யக்கா, அந்த மிசினு என்ன கிர்ரு கிர்ருங்குது?”

“கண்ணத் தேடுது தாயி. மணியப் பாத்துட்டு அங்கேயே நின்னுக்கிருது.”

“எங்க வீட்டுக்காரவிய மாதிரி. பளபளன்னு எதப் பாத்தாலும் அங்கனயே நிப்பாவ.”

எங்கள் வீட்டுக்காரர் பருந்து போன திசையைக் கவனமாகப் பார்த்தார்.

மணியைக் கொஞ்சம் கழற்ற முடியுமா என்று கேட்டேன். அவள் யோசித்தாள். “கழத்தக் கூடாதுன்னு இல்ல. கழத்துனது இல்ல,” என்றாள். பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். மூன்று வருடத்துக்கு முன் நீலநாக்கு நோய் வந்து மந்தையில் பாதி செத்துப்போனது. மிச்சத்தைக் காப்பாற்று, கிடாய் ஒன்று உனக்கு என்று அவர்கள் குலசாமி கோயில் வாசலில் நிற்கிற காவல்சாமிக்கு நேர்ந்தார்கள். நோய் நின்றது. அதற்குப் பிறகு பிறந்த முதல் கடாக்குட்டி இது. பங்குனி உத்திரத்துக்குச் சாமிக்குப் போகப் போகிறது. உத்திரத்துக்கு இன்னும் மூன்று வாரம்.

“அப்ப வேண்டாம், விடு,” என்றேன். இதை நான் சொன்னேன் என்பதை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் சொல்லிவிட்டுக் கேமராவைக் கீழே இறக்கவில்லை. அவள் சிரித்துக்கொண்டே மணியைக் கழற்றினாள்.

“கையில வச்சா தொலைச்சிருவேன் யக்கா. கரிசல்ல விழுந்தது கரிசலுக்குத்தான்.” பக்கத்தில் நின்ற இன்னொரு கிடாயின் கழுத்தில் மாட்டினாள். அது உண்மையிலேயே அழகன். கொம்பு, நிமிர்வு எல்லாம் மாப்பிள்ளை மாதிரி. சாமிக் கிடாயின் முகம் முதல் அழுத்தலிலேயே விழுந்தது, ஒவ்வொரு இமைமயிரும் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தில் அழகனையும் மணியோடு இரண்டு படம் எடுத்தேன். படங்களை அனுப்ப அவளுடைய போன் எண்ணை வாங்கி, என் எண்ணையும் கொடுத்தேன். அதற்குள் மந்தை கலைந்து பக்கத்துச் சோளக்காட்டுப் பக்கம் திரும்ப, அவள் கம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நாங்கள் கை காட்டிவிட்டு வந்துவிட்டோம்.

மணி அழகன் கழுத்திலேயே இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. காலை ஆறு மணிக்கு போன் அடித்தது. “யக்கா, நான் முத்துமாரி. வண்டி வச்சிருக்கியள்லா, செத்த வாங்க. சாமிக் கிடாயக் காணும்.”

நடந்தது இதுதான். எட்டயபுரத்தில் சனிக்கிழமை ஆட்டுச்சந்தை, விடியுமுன்பே கூடிவிடும். சுடலைமணி நாலு மணிக்கே ஒரு லோடு ஆட்டோவைக் கூட்டிவந்து ஆறு கிடாய்களை ஏற்றியிருக்கிறான். இருட்டில் பொட்டு எங்கே தெரியும்? மணி கட்டியதைத் தொடாமல் மற்றதைப் பிடித்தான். எப்போதும் அப்படித்தான் பிடிப்பான், அது சரியான முறைதான். நான் வந்து போகாத எல்லா வாரமும் சரியாக இருந்த முறை. விடிந்து பட்டியைத் திறந்தபோதுதான் மணி வேறு கழுத்தில் கிடப்பதை முத்துமாரி பார்த்திருக்கிறாள். கொழுந்தன் போனை எடுக்கவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் சட்டை மாட்டுவதற்குள் நான் கேமராப் பையோடு கீழே நின்றேன். கிடாயின் முகம் அதற்குள்தானே இருக்கிறது. ஸ்கூட்டர் அன்றைக்கு முதல் உதையில் கிளம்பியது, அதற்கே பயமாக இருந்தது. தடத்து முனையில் முத்துமாரி கையில் மணியோடு நின்றாள். மூன்று பேரும் ஏறினோம். மூன்று பேர் போவது தப்பு, நீங்கள் போகாதீர்கள். சந்தைக்கு இன்னும் நாலு கிலோமீட்டர். அந்த நாலு கிலோமீட்டரும் முத்துமாரி மணி சத்தம் போடாதபடி அதன் நாக்கைக் கையால் பொத்திப் பிடித்திருந்தாள். என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

சந்தையில் ஆயிரக்கணக்கில் ஆடு. எல்லாம் வெள்ளையில் பொட்டு. துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுகிறவர்கள், விற்ற ஆட்டைக் காலைப் பிடித்துத் தூக்கி மினி லாரியில் எறிகிறவர்கள், புழுதி. சுடலைமணி டீக்கடையில் நின்றான்.

“ஏலே, கிடாய் எங்கல?”

“வித்தாச்சு மைனி. நல்ல விலை. ஏன்?”

அவள் மணியைத் தூக்கிக் காட்டினாள். அவன் கையிலிருந்த கிளாஸ் சாய்ந்து டீ முழுக்க அவன் காலில் கொட்டியது. அவனுக்குச் சூடு தெரியவில்லை.

“யாருகிட்ட வித்த?”

“மேலூர்ப் பக்கத்து ஏவாரி மைனி. பச்சத் துண்டு.”

சந்தையைத் திரும்பிப் பார்த்தேன். பாதிப் பேர் பச்சைத் துண்டு.

வெளியூர் வண்டிகள் ஏழரைக்கு மேல் கிளம்பத் தொடங்கும் என்று டீக்கடைக்காரர் சொன்னார். அப்போது மணி ஏழு. வண்டிகள் வரிசையாக நின்றன, எப்படியும் முப்பதுக்குக் குறையாது. ஒவ்வொன்றிலும் ஆடுகள் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நெருக்கி நின்றன. முத்துமாரியும் சுடலைமணியும் ஒவ்வொரு வண்டியாக எட்டிப் பார்க்க ஓடினார்கள். “மைனி, சாமி என்ன செய்யும்?” என்று அவன் கேட்டது என் காதில் விழுந்தது. “சாமிய விடு. சாமி கிடாய வித்துத் தின்ன குடும்பம்னு ஊரு சொல்லும், அதுக்கு என்ன செய்வ?” என்றாள் அவள்.

நான் காலியாக நின்ற ஒரு மினி லாரியின் மேல் ஏறினேன். இந்த உடம்பு ஏறியதா என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டுக்காரரின் தோள் இரண்டு நாளாக வலிக்கிறது, அது போதும். மேலிருந்து லென்ஸை 200-க்குத் திருப்பிப் பார்த்தால் ஐந்தாறு வண்டி தள்ளி நிற்கிற ஆட்டின் மூக்குமயிர் தெரியும். தெரிய வேண்டும். லென்ஸ் கிர்ரென்று ஓடியது, வண்டிக் கம்பியில் நின்றது. கம்பி தெளிவாக, ஆடு மாவாக. மறுபடி ஓட்டினேன், யாரோ ஒருவரின் வாட்சில் நின்றது. மூன்றாம் தடவை ஓடவே இல்லை. லென்ஸோடு தொடர்பு இல்லை, முனைகளைத் துடைக்கவும் என்று திரையில் எழுத்து வந்தது.

அடாப்டருக்குள் புழுதி போய்விட்டது. கேமராவை அணைத்து, கழற்றி, துப்பட்டாவின் உள்பக்கத்தால் முனைகளைத் துடைத்து மாட்டினேன். நாலு வண்டி பார்க்கும் வரை வேலை செய்தது, மறுபடி அதே எழுத்து. கீழே ஒரு மினி லாரி உறுமிக்கொண்டு வரிசையிலிருந்து விலகியது. அதில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை.

அப்போதுதான் முத்துமாரி சந்தை நடுவில் நின்று மணியை ஆட்டத் தொடங்கினாள். சும்மா ஆட்டவில்லை. இரண்டு ஆட்டு, ஒரு நிறுத்தம், நாக்கை மேலண்ணத்தில் தட்டி ஒரு சத்தம். தினமும் சாயங்காலம் கிடாயின் கழுத்து மணியைப் பிடித்து ஆட்டி மந்தையைக் கூப்பிடுகிற முறையாக இருக்கும். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். “தாயி, இங்க எவனுக்குப் பூசை?” என்றார் ஒருவர். அவள் நிறுத்தவில்லை.

லென்ஸுக்கு அந்த நேரம் பார்த்து உயிர் வந்து, நேராக மணியைப் போய்ப் பிடித்தது.

அந்த இடத்தில்தான் நான் பொத்தானைத் தள்ளினேன். நாலு நாள் எனக்குத் தெரியாமல் கிடந்த அதே பொத்தான், இந்தத் தடவை மறுபக்கம். வளையத்தைக் கையால் திருப்பினேன். தெளிவாக விழுகிற விளிம்பில் சிவப்புக் கோடு காட்டுகிற வசதி கேமராவில் உண்டு. அந்தக் கோட்டை ஒவ்வொரு வண்டியாக நகர்த்திக்கொண்டே போனேன். முதுகு, முதுகு, வால், முதுகு. கடைசிக்கு முந்தின வண்டியில், அத்தனை முதுகுகளுக்கு நடுவே, ஒரு முகம் மணிச் சத்தம் வந்த பக்கம் திரும்பியிருந்தது. வலது கண்ணைச் சுற்றிச் சேறு.

“நீல வண்டி! கடைசிக்கு முந்தினது,” என்று கத்தினேன். அந்த வண்டியின் டிரைவர் அதே நேரம் சாவியைத் திருப்பினார்.

எங்கள் வீட்டுக்காரர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனதை மேலிருந்து பார்த்தேன். வெளியே போகிற வழியின் குறுக்கே சரியாகப் போனார். அங்கே ஸ்கூட்டர் நின்றுவிட்டது. வண்டிக்காரர் ஹாரன் அடித்தார், இவர் உதைத்தார், கிளம்பவில்லை. வேண்டுமென்றே நிறுத்தினீர்களா என்று பிறகு கேட்டேன். ஸ்கூட்டர் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார். முப்பது வருடத்தில் நான் அவரைப் பெருமையாகப் பார்த்த சில இடங்களில் அது ஒன்று, அதனால் மேற்கொண்டு கேட்கவில்லை.

வியாபாரி இறங்கினார். பச்சைத் துண்டுதான், வாட்டசாட்டமான ஆள். முத்துமாரி மூச்சு வாங்கச் சொன்னதைக் கேட்டார். சுடலைமணியைப் பார்த்தார்.

“வித்தவன் நீ. வெலை பேசினவன் நீ. இப்ப சாமிக் கிடாய்ங்கிற.”

“தெரியாம நடந்துபோச்சு அண்ணாச்சி.”

“வெலை ஏறுனா எல்லாருக்கும் சாமி ஞாபகம் வரும் தம்பி. நான் எத்தன சந்தை பாத்திருக்கேன்.”

“காதப் பாருங்க, எங்க வெட்டு,” என்றாள் முத்துமாரி.

“ஒத்துக்கிறேன். ஆறு கிடாய் காதுலயும் அதே வெட்டு இருக்கு. இதுதான் சாமிக்குன்னு என்ன அடையாளம்?”

“மணி கட்டியிருந்தோம்.”

“மணி உன் கையிலல்லவா இருக்கு.”

அவர் சொன்னதில் தப்பில்லை. நான் இறங்கி ஓடிவந்து கேமராத் திரையைக் காட்டினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுத்த படங்கள். சாமிக் கிடாயின் முகம், இமைமயிர் வரை. அவர் படத்தைப் பார்த்தார், வண்டிக்குள் இருந்த முகத்தைப் பார்த்தார்.

“இதே ஆடுதான். கழுத்துல மணி எங்க?”

“அது கழத்தின பிறகு எடுத்தது.” முந்தின படத்துக்குத் தள்ளினேன். மணி பளபளவென்று வந்தது. அதற்கு மேலே ஒரு மாவு.

வியாபாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மணி இருக்கிற படத்துல மூஞ்சி இல்ல. மூஞ்சி இருக்கிற படத்துல மணி இல்ல. நீங்க ஸ்டுடியோவா வச்சிருக்கீங்க?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முத்துமாரி சிரிக்கவில்லை. ஒரு கையில் மணியோடு, மறு கையால் வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். டிரைவர் சீட்டில் இருந்தபடியே, “அண்ணே, வெயில் ஏறுது, ஆடு சாகும்,” என்றார்.

மணிப் படத்தை அடுத்தடுத்துத் தள்ளினேன். எல்லாம் அதே மணி. சாயங்காலம் முழுக்க நான் திட்டிய படங்கள். அழிக்கச் சோம்பல்பட்டு வைத்திருந்தவை. ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது. லென்ஸ் மணியைப் பிடித்தது என்றால் மணி தொங்குகிற இடத்தையும் பிடித்திருக்கிறது. முகம் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது, அது மாவு. நெஞ்சு மணிக்கு நேர் பின்னால் இருக்கிறது, அதில் மயிர் மயிராகத் தெரிந்தது. மணிக்குக் கீழே அடுப்புக்கல் மாதிரி மூன்று பொட்டு. மூன்றாவது கல் ஓரத்தில் சின்னதாக உடைந்திருந்தது.

கேமராவை வியாபாரியின் கையிலேயே கொடுத்தேன். “மூஞ்சிய விடுங்கண்ணே. நெஞ்சப் பாருங்க.”

அவர் வண்டியில் ஏறி, மற்ற ஆடுகளைத் தள்ளிவிட்டு, கிடாயின் தாடையைத் தூக்கினார். படத்தைப் பார்த்தார். குனிந்து பார்த்தார். இன்னொரு தடவை படத்தைப் பார்த்தார். பிறகு கேமராவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

“இறக்குங்கடா,” என்றார்.

முத்துமாரி அழவில்லை. கிடாயின் கழுத்தில் மணியைக் கட்டினாள். இரண்டு முடிச்சுப் போட்டு, மூன்றாவதையும் போட்டாள். பிறகு என்னைப் பார்த்து, “இனி படத்துல அது கண்ணு தெரியலன்னாலும் பரவாயில்ல யக்கா,” என்றாள்.

இதற்குப் பதில் ஆடு வேண்டுமே. “பட்டியில இன்னொண்ணு நிக்குது, தாரோம்,” என்றாள். எப்படி இருக்கும் என்று கேட்டார் வியாபாரி. நான் அழகனின் படத்தைக் காட்டினேன். பார்த்தவுடன் சம்மதம் சொல்லிவிட்டார். எத்தனையோ பெண்களுக்கு, பையன்களுக்கு வரன் பார்க்கப் படம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஒரே படத்தில் முடிந்தது இதுதான். நீல வண்டி எங்கள் பின்னாலேயே பட்டிக்கு வந்து அழகனை ஏற்றிக்கொண்டு போனது. வெள்ளிக்கிழமை மணி மாட்டிக்கொண்டு போஸ் கொடுத்தபோது அதற்கு இதெல்லாம் தெரியாது. காப்பாற்றப்பட்டதற்கும் பங்குனி உத்திரம் பற்றித் தெரியாது. இதை முத்துமாரியிடம் சொன்னேன். “சந்தைக்குப் போனா அது கறி யக்கா. சாமிக்குப் போனா எங்க கிடாய்,” என்றாள். எனக்கு முழுசாகப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு நான் அதைப் பற்றிக் கேலி பேசவில்லை, அது எனக்குப் பெரிய காரியம்.

ஊருக்கு வந்த பிறகும் அந்த மணிப் படங்களை நான் அழிக்கவில்லை. லென்ஸ் தப்பான இடத்தைப் பிடித்தது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அது வெளிச்சம் இருந்த இடத்தைத்தான் பிடித்தது. அங்கே மணியைத் தொங்கவிட்டது சாமி, கழற்றச் சொன்னது நான்.

பழைய லென்ஸோடு இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்குச் சில விஷயம். மோட்டார் லென்ஸுக்குள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய கேமராவின் மோட்டாரை நம்பி ஓடிய லென்ஸ் என்றால், பெரும்பாலான அடாப்டரில் தானாக ஃபோகஸ் ஆகாது, கையால்தான். மின்முனை இல்லாத மலிவு வளையத்தை வாங்காதீர்கள். எதை வாங்கினாலும், என்னை மாதிரி போனில் சண்டை போடுவதற்கு முன் பொத்தானைப் பாருங்கள். நிற்கிற பொருளுக்கு இந்தக் கூட்டணி அருமை. ஃபோகஸ் முன்னே பின்னே விழுகிற பழைய தொல்லை மிரர்லெஸ்ஸில் அநேகமாக இல்லை. பறக்கிற பருந்துக்கு ஆசைப்படாதீர்கள். ஃபோகஸ் புள்ளியைச் சின்னதாக்கிக் கண்ணில் வையுங்கள், கேமராவின் இஷ்டத்துக்கு விட்டால் அது நகைக்கடைக்குத்தான் போகும். கரிசல் புழுதியில் லென்ஸைக் கழற்ற வேண்டி வந்தால் கேமராவை அணைத்து, வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துக் கழற்றுங்கள். பையில் சுத்தமான பருத்தித் துணி ஒன்று இருக்கட்டும். கையால் திருப்பிப் பழகுங்கள், வீட்டில் பூனையை வைத்தாவது. கனமான லென்ஸ் என்றால் கேமராவைப் பிடித்துத் தூக்காதீர்கள், லென்ஸைப் பிடித்துத் தூக்குங்கள். இல்லாவிட்டால் அடாப்டர் ஆட்டம் கொடுக்கும்.

மாசி, பங்குனியில் காலை பத்துக்கு மேல் காட்டில் நிற்க முடியாது, தண்ணீர் இரண்டு லிட்டராவது வேண்டும். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் பதினைந்து கிலோமீட்டர், பேருந்து அடிக்கடி உண்டு. சந்தை பார்க்க வேண்டுமானால் சனிக்கிழமை ஆறு மணிக்குள் போய்விடுங்கள். ஆடு மேய்க்கிறவர்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள், கழுத்தில் என்ன கட்டியிருந்தாலும் அது அங்கேயே இருக்கட்டும். எங்களுக்கு லாட்ஜ் 900, பெட்ரோல் 350, சாப்பாடும் டீயும் 620, கடலைமிட்டாய் 200. தோளுக்குத் தைலம் 85.

கணக்கில் சேராதது ஒன்று. பட்டியில் கிளம்பும்போது பையைத் திறக்க வசதியாகக் கேமராவை ஸ்கூட்டர் சீட்டில் வைத்தேன். கண் வைத்துப் பார்க்கிற இடத்தில் இருக்கும் ரப்பர் வளையத்தைச் சாமிக் கிடாய் தின்றுவிட்டது. அது நேர்ந்துவிட்ட கிடாய் என்பதால் இப்போதைக்கு ஒன்றும் செய்வதற்கில்லை. உத்திரத்தன்று வயிற்றில் கிடைத்தால் கழுவி எடுத்து வைப்பதாக முத்துமாரி சொல்லியிருக்கிறாள்.